பதனிப் பாதை: பாளையங்கோட்டையிலிருந்து தேரி வழியாகத் திருச்செந்தூர், சைக்கிளும் நடையும்

பாளைச் சக்கரம்

எல்லாருக்கும் வணக்கம். பங்குனிக் கடைசியில் ஆறு பேராக ஒரு பயணம் கிளம்புகிறோம். இரண்டு நாள் சைக்கிள், மூன்றாம் நாள் காலையில் தேரிக்குள், அதாவது செம்மணல் மேட்டுக்குள் நடை. பதனி இறக்குகிற ஊர்கள் வழியாகவே போக வேண்டும் என்பது ஆசை.

இந்த ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் ஜெர்மனியில் இருக்கிறார். மோசல் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டிய படங்களை அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தான சரிவு முழுக்கத் திராட்சைக்கொடி. ஊருக்கு ஊர் இறங்கி, அந்த ஊர்க்காரர் பிழிந்து வைத்ததில் ஒரு குவளை குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பிரான்சில் அல்சாஸ் பகுதியில் 1953லேயே இப்படி ஒரு ஒயின் பாதைக்கு அடையாளம் போட்டுவிட்டார்களாம், ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நமக்குத் திராட்சை இல்லாவிட்டால் என்ன, திசையன்விளை முதல் உடன்குடி வரை கண் எட்டுகிற தூரம் பனை நிற்கிறதே.

நான் போட்டு வைத்திருக்கிற வழி:

முதல் நாள்: பாளை, மூலைக்கரைப்பட்டி, கூந்தன்குளம், முனைஞ்சிப்பட்டி, இட்டமொழி, திசையன்விளை.
இரண்டாம் நாள்: திசையன்விளை, இடையன்குடி, உவரி, பெரியதாழை, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், உடன்குடி.
மூன்றாம் நாள்: தேரிக்குடியிருப்பில் நடை, பிறகு திருச்செந்தூர், அங்கிருந்து ரயிலில் வீடு.

சாலை எப்படி இருக்கும்? பதனி எங்கே, எத்தனை மணிக்குக் கிடைக்கும்? தேரிக்குள் சைக்கிள் போகுமா? ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவரிக்கரை

நல்ல வழிதான் அண்ணாச்சி. நாலுவழிச்சாலையில் நாங்குநேரி போகாமல் மூலைக்கரைப்பட்டி வழியாகத் திருப்பினீர்களே, அதற்கே ஒரு பாராட்டு. அந்த நாலுவழியில் லாரி கடந்து போகிற வேகத்துக்கு சைக்கிள் ஆடிவிடும், நிழலும் கிடையாது.

முதலில் காற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வழியைத் தீர்மானிப்பதே காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி தாண்டியும் அடிக்கும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். கடற்கரைக்காரர்கள் கச்சான் என்று சொல்வது இதைத்தான். அந்த மாதங்களில் கிழக்கேயிருந்து மேற்கே சைக்கிள் மிதித்தால் மேட்டுச் சாலை ஏறுகிற மாதிரி இருக்கும். இறங்கித் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உவரியிலிருந்து திருச்செந்தூர் போகிற கடற்கரைச் சாலை வடகிழக்காகப் போகிறது. கச்சான் முதுகில் தள்ளும். நீங்கள் போட்ட திசை சரி, மாற்றாதீர்கள். யாராவது இதே வழியைத் திருச்செந்தூரில் ஆரம்பித்துத் திரும்பிப் போடலாம் என்று நினைத்தால் கார்த்திகை மார்கழிக்குத் தள்ளிவையுங்கள். அப்போது வாடையும் கொண்டலும் (வடகாற்றும் கீழ்க்காற்றும்) இருக்கும், அந்தத் திசைக்கு ஒத்துப் போகும். ஆனால் பதனி இருக்காது.

பங்குனியில் கச்சான் இன்னும் எழுந்திருக்காது. காலையில் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏறும். சாலையில் நின்று திசை தெரியவில்லை என்றால் தூரத்துக் காற்றாலையைப் பாருங்கள். இறக்கை முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கேயிருந்துதான் காற்று வருகிறது.

நெல்லை மிதிவண்டி

டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முனைஞ்சிப்பட்டி தாண்டியதுமே உடைமரம் ஆரம்பித்துவிடும். அந்த முள் வெள்ளை வெளேரென்று விரல் நீளம் இருக்கும், மெல்லிய டயரைத் துளைத்து உள்ளே போய் ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பஞ்சர் ஒட்டி மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கும். ட்யூபை மாற்றும்போது டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள், ஒடிந்த முனை இருந்தால் துணி மாட்டும். ஆளுக்கு இரண்டு ட்யூப், ஆறு பேருக்கு இரண்டு பம்ப். 28 மில்லிமீட்டர் டயரில் வராதீர்கள், 35க்கு மேல் போடுங்கள். சீலன்ட் ஊற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

சாலையோரம் ஆட்டுக்குக் கிளை வெட்டிப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஓரம் கட்டாமல் நடுவில் போங்கள்.

ரயில் விஷயம்: முழு சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள். லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் போட வேண்டும். ஆறு சைக்கிள் என்றால் முந்தின நாளே திருச்செந்தூர் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு லோடு ஆட்டோ பேசி சைக்கிளை அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் வாருங்கள். நாங்கள் போன தடவை அப்படித்தான் செய்தோம்.

வடலி

நான் உடன்குடிக்கும் தேரிக்குடியிருப்புக்கும் நடுவில் ஒரு விளையில், அதாவது பனந்தோப்பில் பிறந்தவள். எங்கள் அய்யா இன்றும் பனை ஏறுகிறார். இப்போது நாற்பது பனை, முன்பு இன்னும் அதிகம். இந்த இழையைப் பார்த்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் சில விஷயங்களை நேராகச் சொல்ல வேண்டும்.

பதனி டீக்கடையில் கிடைப்பது மாதிரி கேட்ட நேரத்தில் கிடைக்காது. அய்யா இருட்டோடு எழுந்து முதல் பனையில் கால் வைப்பார். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை அரிவாள், பக்கத்தில் சுண்ணாம்பு. அடிமரம் வழுக்கும் என்று முருக்குத்தடியைச் சாய்த்து அதில் மிதித்து ஏறுவார். மேலே போய்க் கலயத்தில் ஊறியதை இறக்குகிற குடுவையில் ஊற்றிவிட்டு, பாளையின் (பனம்பூக் குலையின்) நுனியை வெற்றிலைக் கனத்துக்குச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டுவார். அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கொஞ்சம் கூடினாலும் நாக்கில் தெரியும். அந்த அளவு அவர் விரலுக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்பார்.

ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வந்தால் குடிக்கலாம். அதற்குப் பிறகு எல்லாம் அம்மாவின் அடுப்புக்குப் போய்விடும். எங்கள் கணக்கில் எட்டு முதல் பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை சீவ வேண்டும். அதனால் உங்கள் வரைபடத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். பதனிக்காக வருகிறவர்கள் பனையேறியின் நேரத்தை வைத்து வழி போட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உடன்குடி வந்து பதனி எங்கே என்றால் யாரிடமும் இருக்காது.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குழு எங்கள் விளைக்கு வந்தது. அய்யா காலை ஏற்றம் முடித்து இறங்கி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, ஒரு தடவை ஏறிக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். வந்த பிள்ளைகளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அவர் ஏறினார். டிரோனை மட்டைக்குப் பக்கத்தில் கொண்டு போனார்கள். மேலே இரண்டு கையும் வேலையில் இருக்கிற மனுஷன் முகத்துக்கு நேரே அது சுற்றியது. கீழே நின்ற அம்மா வாய்விட்டுக் கத்திவிட்டாள். எனக்கு இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. அய்யாவின் நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப் போயிருக்கும். பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும், வேண்டாம் என்று தோன்றும்.

வாருங்கள். குடியுங்கள், காசு கொடுங்கள், கருப்பட்டி வாங்குங்கள். அவர் ஏறும்போது படம் எடுங்கள். உங்களுக்காக ஏறச் சொல்லாதீர்கள்.

பாளைச் சக்கரம்

அக்கா, படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுத முடியவில்லை. நாங்கள் ஆறு பேரும் இதைப் படித்துவிட்டோம். டிரோன் கொண்டுவர இருந்தவர் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

நேரத்தைச் சரி செய்ய உதவுங்கள். மூன்றாம் நாள் விடியும்போது தேரியில் நடக்கவும் வேண்டும், பதனியும் வேண்டும். இரண்டும் ஒரே நேரமாக இருக்கிறதே.

வடலி

தம்பி, அது சுலபம். இரண்டாம் நாளே உடன்குடியில் தங்குகிறீர்கள் அல்லவா, மூன்றாம் நாள் ஆறு மணிக்கு நேரே விளைக்கு வந்துவிடுங்கள். பதனி குடித்துவிட்டு ஆறே முக்காலுக்குத் தேரிக்குப் போங்கள், ஒன்பது மணிக்கு மணலை விட்டு வெளியேறிவிடுங்கள். திரும்பி வரும்போது அம்மா வட்டையில் காய்ச்சிக்கொண்டிருப்பாள், பாதி காய்ந்த கூப்பதனியின் பதம் பார்க்கலாம். பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், பால் அடங்குகிற மாதிரி நுரை அடங்கும். கடைசியில் சிரட்டையில் ஊற்றுவதைப் பார்க்க வேண்டுமானால் பதினோரு மணியாகும்.

வெறும் வயிற்றில் மூன்று பட்டை (ஓலைக் குவளை) பதனி குடித்துவிட்டு மிதிக்காதீர்கள், வயிற்றைக் கலக்கும். ஒரு பட்டை போதும். பாட்டிலில் ஊற்றி மூடிக்கொண்டும் போகாதீர்கள். வெயிலில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

புதுசு77

கள் எங்கேயாவது கிடைக்குமா? ஒயின் பாதை மாதிரி என்றால் அதுவும் இருந்தால்தானே பொருத்தம்.

வடலி

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். 1987 முதல் கள் இறக்கத் தடை. வேண்டுமா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடக்கிறது, எனக்கும் அதில் கருத்து உண்டு, அதற்கு வேறு இழை திறக்கலாம். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து விளைக்குள் அதைக் கேட்டுவிட்டுப் போனால், பின்னால் விசாரணை பனையேறி வீட்டு வாசலுக்குத்தான் வரும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

பச்சைவேட்டி

நடை பற்றி நான் சொல்லலாம். பதினொரு வருடமாக மார்கழி, தையில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறேன். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், இரண்டு இரவு. நாம் நடைபாதை புதிதாகத் திட்டமிடுகிறோம் என்று நினைக்கிறோம், ஆனால் இந்தச் சீமையில் நடக்கிறவனுக்கான ஏற்பாடு எப்போதோ இருக்கிறது. பழைய சாலையில் சுமைதாங்கிக் கல் இன்னும் சில இடத்தில் நிற்கிறது, தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கி வைக்கிற உயரத்தில். கல்மண்டபம் இருக்கிறது, கிணறு இருக்கிறது. தை மாதத்தில் முன்பின் தெரியாதவர்கள் வாசலில் பானகமும் மோரும் வைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

வடநாட்டு, வெளிநாட்டுப் பாதைகளைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் இங்கே கால்நடையாக வந்த வெளிநாட்டவர் ஒருவரையும் நினைக்கலாம். கால்டுவெல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தேதான் 1841இல் இடையன்குடி வந்து சேர்ந்தார். நீங்கள் இரண்டாம் நாள் அந்த ஊர் வழியாகப் போகிறீர்கள். 1880இல் பிரதிஷ்டையான கிறிஸ்தவக் கோயிலும், அவர் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. பத்து நிமிடம் சைக்கிளைச் சாத்திவிட்டு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நேர்கோடாகப் போட்ட தெரு.

தேரி நடைக்கு: காலை ஏழரை வரை வெறுங்காலில் போகலாம், சுகமாக இருக்கும். ஒன்பதரைக்கு அதே மணல் கொப்பளம் போட்டுவிடும். செருப்பு வேண்டாம், மணல் அள்ளும். காலை மூடிய ஷூவும் நீள சாக்ஸும் போடுங்கள்.

தேரிமண்

பச்சைவேட்டி அண்ணாச்சி சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் காயாமொழிக்காரன், சின்ன வயதில் தேரிக்குள்தான் ஆடு மேய்த்தேன்.

சைக்கிளைத் தேரிக்குள் கொண்டுபோகாதீர்கள். எந்த டயராக இருந்தாலும் சரி. இரண்டு சுற்று மிதித்தால் ரிம் வரை புதையும். சங்கிலியில் அந்தச் செம்மணல் ஏறினால் மாவு அரைக்கிற சத்தம் வரும், வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால்தான் போகும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் நிறுத்திப் பூட்டிவிட்டு நடங்கள்.

அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தூரத்தில் பார்த்தால் செங்கல் பொடி மாதிரி ஒரே சிவப்பு. உள்ளங்கையில் பரப்பினால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உருண்டிருக்கும், மேலே துரு படிந்த மாதிரி ஒரு சிவப்புப் பூச்சு. அது இரும்புச் சத்துதான். ஈரக் கையில் வைத்துத் தேய்த்தால் விரல் ரேகை சிவக்கும். அங்கங்கே கறுப்பு மணி மின்னும். காற்று அதைத் தனியாகப் பிரித்து அலை அலையாக வரி போட்டு வைத்திருக்கும். காலையில் போனால் அந்த வரியின் மேல் இரவு போன வண்டின் தடம், உடும்பின் வால் இழுத்த தடம், எல்லாம் எழுதி வைத்த மாதிரி இருக்கும். எட்டு மணிக் காற்றுக்கு எல்லாம் போய்விடும்.

உங்கள் காலடியும் அப்படித்தான் போகும். அதனால் வந்த தடம் பார்த்துத் திரும்பலாம் என்று நம்பாதீர்கள். உள்ளே போனால் நாலு பக்கமும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பனையும் கொல்லாமரமும் (முந்திரி). காலையில் சூரியனை எந்தத் தோளில் வைத்து நடந்தீர்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் கிளம்பிய இடத்தைக் குறித்து வையுங்கள். தேரியில் ஒரு பகுதி வனத்துறையின் காப்புக்காடு, அதற்குள் போகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கோயில் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் சுற்றினால் நிறைவாக இருக்கும், ஆழமாகப் போக வேண்டிய அவசியமில்லை.

சுனை பார்க்க ஆசையிருந்தால் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போங்கள். வெளியே அத்தனை காய்ந்த மணல், உள்ளே மருத நிழலும் தண்ணீரும். மழைநீரை இந்த மணல் குடித்து வைத்துக்கொண்டு கீழே விடுகிறது என்பது அங்கே போய் நின்றால் புரியும்.

கல்லிடை வாசி

இவ்வளவு வெயிலில் இவ்வளவு தூரம் எதற்கு? முதல் தடவை கிளம்புகிறவர்கள் தாமிரபரணிக் கரையைப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்ரீவைகுண்டத்தில் ஆரம்பித்து நத்தம், திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று நவதிருப்பதியை சைக்கிளிலேயே ஒரே நாளில் சுற்றலாம். வாய்க்கால் கரை, வாழை, வயல், சமதரை. ஆற்றின் எட்டாவது, கடைசி அணையும் ஸ்ரீவைகுண்டத்தில்தான். ஆதிச்சநல்லூரும் பக்கத்தில். நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதை மட்டும் கணக்கில் வைத்தால் போதும்.

பாளைச் சக்கரம்

அண்ணாச்சி, அந்தச் சுற்றை நாங்கள் போன தையில் போய்விட்டு வந்தோம், அருமையான வழி. இந்த முறை ஆறு எட்டாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆற்றுப்பாசனம் முடிகிற இடத்தில்தானே பனை ஆரம்பிக்கிறது. அந்த எல்லையை மிதித்துக் கடக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கல்லிடை வாசி

அப்படியென்றால் சரி. அந்த எல்லை கண்ணுக்கே தெரியும். மூலைக்கரைப்பட்டி பக்கம் குளத்துப் பாசனம், அப்புறம் மானாவாரி, அப்புறம் மண் சிவந்துவிடும்.

அம்பை மலர்

ஆறு பேரில் பெண்கள் உண்டா? உண்டு என்றால் இதைப் படியுங்கள். நாங்கள் நான்கு பெண்கள் போன வருடம் திசையன்விளையிலிருந்து மணப்பாடு வரை போனோம். சாலை பயமில்லை, ஊர்க்காரர்கள் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். கஷ்டம் கழிவறைதான். பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், உவரி கோயில் வளாகம், அந்தோணியார் திருத்தலம், மணப்பாடு என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு அதை வைத்துத்தான் நிறுத்தங்களைப் பிரித்தோம். கழிவறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் மிதித்தால் அந்த வெயிலில் மயக்கம்தான் வரும். எங்களில் ஒருத்தி பெரியதாழையில் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டாள். உப்பும் கருப்பட்டியும் போட்ட தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் படுக்க வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் கூட்டம் அதிகம், அன்றைக்கு உவரியைத் தவிருங்கள். குலசேகரன்பட்டினத்துத் தசரா சமயத்தில் இந்தச் சாலைக்கே வராதீர்கள், சைக்கிளுக்கு இடமிருக்காது.

பாளைச் சக்கரம்

இரண்டு பெண்கள் வருகிறார்கள் அக்கா. இதுதான் தேவைப்பட்டது. நிறுத்தங்களை உங்கள் பட்டியல்படி மாற்றிவிட்டேன். காலை ஐந்துக்குக் கிளம்பி பத்தரைக்கு நிறுத்தி, சாயங்காலம் நாலுக்கு மேல் மறுபடி மிதிப்பது என்று வைத்திருக்கிறோம்.

மோசல் மைத்துனன்

நான்தான் அந்த மைத்துனன். ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன். இங்கே திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே, தாங்கள் செய்த ஒயினை மட்டும், வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் போகாமல் விற்றுக்கொள்ளலாம். ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். திறந்திருக்கிறது என்பதற்கு வாசலில் ஒரு பச்சைக் கொத்தோ துடைப்பமோ கட்டித் தொங்கவிடுவார்கள். சைக்கிளில் போகிறவன் அதைப் பார்த்து இறங்குவான், இல்லாவிட்டால் தொந்தரவு செய்யாமல் போய்விடுவான். பெரிய பலகையும் செயலியும் எதுவும் வேண்டாம். வடலி அக்கா சொன்ன கஷ்டத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

வடலி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அய்யாவிடம் போனில் சொன்னேன். "ஓலைக்கா பஞ்சம், கட்டிட்டாப் போச்சு" என்றார். பதனி இருக்கிற அன்று காலையில் வாசல் படலில் ஒரு பச்சைக் குருத்தோலை கட்டியிருக்கும். தீர்ந்துவிட்டால் எடுத்துவிடுவார்.

பாளைச் சக்கரம்

போய்விட்டு வந்துவிட்டோம். சொன்ன எல்லாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டுமே, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முதல் நாள் ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டும்வரை நாய்கள். மிதிப்பதை நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் விட்டுவிடுகின்றன. கூந்தன்குளம் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்திருந்தது. ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, கீழே ஒரு அம்மா எச்சம் விழுந்த வாசலை முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டிருந்தார். அங்கே நாங்கள் போட்டிருந்த அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது, வெயிலில் அதற்கு விலை கொடுத்தோம். இட்டமொழிக்கு முன்னால் இரண்டு பஞ்சர். துணி வைத்துத் துடைத்ததில் ஒடிந்த முள் முனை மாட்டியது, நெல்லை மிதிவண்டி அண்ணாச்சிக்கு நன்றி.

இரண்டாம் நாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சாலை நன்றாக இருந்தது, கடல்காற்று தள்ளியது. இடையன்குடித் தெருவில் நடந்தோம். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் மேட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் உப்பங்கழியும் ஒரு பக்கம் கடலும் பார்த்துக்கொண்டிருந்ததில் மதியம் போனதே தெரியவில்லை. உடன்குடியில் கருப்பட்டிக் காபி குடித்தோம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், சீனி கலக்காததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உடைத்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் ஐந்தே முக்காலுக்கு விளைக்குப் போகிற மண் பாதையில் இறங்கினோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. படலில் ஓலை கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எங்களில் யாரும் பேசவில்லை, அப்படியே நின்றுவிட்டோம்.

அய்யா மரத்தில் இருந்தார். மேலே பாளை சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது, சரக் சரக் என்று, இடைவெளி விட்டு. நாங்கள் யாரும் கைபேசியை எடுக்கவில்லை. இறங்கி வந்து, ஓலையை மடித்து ஒரு இழுப்பில் பட்டை செய்து, முனையை இறுக்கிக் கட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்துதான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வழியும். பதனியின் இனிப்புக்கு முன்னால் பச்சை ஓலை வாசம் மூக்கில் ஏறியது, கடைசி வாயில் லேசாகச் சுண்ணாம்பு. குடித்து முடித்து நிமிர்ந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது, அய்யா அடுத்த பனையில் பாதி உயரத்தில் இருந்தார்.

தேரியில் ஒரு மணி நேரம்தான் நடந்தோம். தேரிமண் தம்பி சொன்ன உடும்புத் தடம் பார்த்தோம். திரும்பி வந்து அம்மாவிடம் கூப்பதனி வாங்கிக் குடித்தோம், ஆளுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி கட்டிக்கொண்டோம். திருச்செந்தூரில் லோடு ஆட்டோவில் சைக்கிளை அனுப்பிவிட்டு ரயிலில் வந்தோம். சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. ரயில் குரும்பூர், கச்சனாவிளை, நாசரேத் என்று பனங்காட்டு ஓரமாகத்தான் வருகிறது. அதில் இறங்கி விளைகள் வழியாக நடக்கிற ஒரு பாதை போடலாம். பச்சைவேட்டி அண்ணாச்சி துணைக்கு வந்தால் வைகாசிக்குள் ஒரு தடவை நடந்து பார்த்துக் குறித்துவிடலாம்.

பச்சைவேட்டி

வருகிறேன். நாசரேத்தில் இறங்குவோம். முதலூர் வழியாகப் போனால் மஸ்கோத் அல்வாவும் ஆயிற்று. கச்சான் எழும்புவதற்கு முன்னால் தேதி சொல்லுங்கள்.

வடலி

தம்பி, உங்களில் யாரோ பம்பை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் தங்கை மகன் அதை வைத்துத் தெருவில் எல்லார் சைக்கிளுக்கும் காற்று அடித்துக்கொண்டிருக்கிறான். நடந்து வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளைச் சக்கரம்

அவனே வைத்துக்கொள்ளட்டும் அக்கா. வரும்போது அதற்கு ஒரு வாஷரும் ட்யூப் ஒட்டுகிற சாமானும் கொண்டு வருகிறேன், ஒட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். உடைமுள் அவனுக்குத்தான் நம்மைவிட அதிகம் குத்தும்.